டைமிங்கில் கை வைத்தது யார்

பெருமதிப்பிற்கும் பிரியத்திற்கும் உரிய மாமா அவர்களுக்கு,

தங்கள் மருமகள் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம். 'யாவரும்' என்ற சொல்லில் நானும் காரும் அடங்கமாட்டோம். தாங்கள் நலமா என்று கேட்பது முறை என்று தமிழ் டீச்சர் சொல்லியிருக்கிறார். கேட்டுவிட்டேன். அதற்குப் பதில் மெதுவாக வந்தால் போதும். வேறொரு கேள்விக்குத்தான் அவசரமாகப் பதில் வேண்டும்.

இதை நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, ஃபிரிட்ஜைத் திறந்து வைத்து, அதன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். விளக்கைப் போட்டால் அம்மா எழுந்துவிடுவாள். ஆணியில் தொங்கும் டார்ச்சையும் காணவில்லை, யார் எடுத்தார்களோ. ஃபிரிட்ஜ் கதவு மூடிக்கொள்ளாமல் இருக்கப் பால் பாத்திரத்தை முட்டுக் கொடுத்திருக்கிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும். பாதி பயம், பாதி குளிர்.

மாமா, தாங்கள் வேலை மாற்றலாகிப் போகும்போது எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போன கார் இன்று காலை நடுரோட்டில் செத்துப்போய்விட்டது. அதைக் கொன்றது நான். இது இன்னும் யாருக்கும் தெரியாது. அப்பாவுக்குத் தெரியும் என்று எனக்குச் சந்தேகம். அதுதான் பயம்.

முதலிலிருந்து சொல்கிறேன். அந்தக் காரில் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் முள் வைத்த ஒரு குட்டிக் கடிகாரம் இருக்கிறதல்லவா, கீழே மிளகு அளவில் ஒரு குமிழ், அதைத் திருகினால் முள் நகரும். தங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் வீட்டில் எந்த இரண்டு கடிகாரமும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாது. ஹால் கடிகாரம் அம்மாவுடைய ஆட்சி. அது எத்தனை நிமிடம் முன்னால் ஓடுகிறது என்பது அம்மாவுக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். அண்ணன் அறையில் இருப்பதற்குப் பெரிய முள் கிடையாது. 'மணி தெரிஞ்சா போதும், நிமிஷத்தை வெச்சு என்ன பண்றது' என்பான். அப்பா நம்புவது கார் கடிகாரத்தை மட்டும்தான். அதில் ஏழு நாற்பது ஆனதும் வாசலில் ஹாரன் அடிப்பார். நான் ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் சாக்ஸுமாக ஓடுவேன். எனக்கு லேட்டம்மா என்று பெயர் வைத்தவர் தாங்கள்தான், ஆகவே விளக்க வேண்டாம்.

போன மாதம் வரைக்கும் இது ஓடிக்கொண்டிருந்தது. பிறகு என்ன ஆனதோ தெரியவில்லை, அதே ஏழு நாற்பதுக்குக் கிளம்பினாலும் பள்ளிக்கூட கேட் திறப்பதற்கு முன்பே போய் நிற்க ஆரம்பித்தோம். வாட்ச்மேன் அப்போதுதான் சட்டைப் பட்டன் போட்டுக்கொண்டிருப்பார். 'பாப்பா, படிப்பு மேல அவ்வளவு ஆசையா' என்று கேட்பார். அப்பாவோ, வண்டி இப்போதுதான் பழகி நன்றாக ஓடுகிறது என்று ஸ்டியரிங்கைத் தட்டிக்கொடுப்பார். அவருக்குப் பெருமை, எனக்குத் தூக்கம் போச்சு. கேட்டுக்கு வெளியே பையைக் கட்டிக்கொண்டு நின்ற ஒரு காலை நேரத்தில்தான் எனக்கு அந்தக் கெட்ட யோசனை வந்தது. அப்பா தினமும் கிளம்பும் முன் பின்பக்கக் கண்ணாடியைத் துடைக்கப் போவார். அந்த நேரத்தில் முன்னால் எட்டிக் குமிழை லேசாகப் பின்னால் திருகினேன். ஒரு நாளைக்கு இரண்டே நிமிடம். மொத்தமாகச் செய்தால் கண்டுபிடித்துவிடுவார் என்று ஆறு நாளில் ஆறு தடவையாகச் செய்தேன். ஆக மொத்தம் பன்னிரண்டு நிமிடம்.

இதில் ஒரு அதிசயம் என்னவென்றால், ஒரு நாளும் பள்ளிக்கு லேட்டாகவில்லை. பன்னிரண்டு நிமிடம் கழித்துக் கிளம்பியும் மணி அடிப்பதற்குள் உள்ளே போய்விட்டேன். அப்போது அதை என் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். இப்போதுதான் புரிகிறது. நான் தின்ற பன்னிரண்டு நிமிடத்தையும் அந்த எஞ்சின்தான் மூச்சைப் பிடித்து ஓடி ஓடி ஈடுகட்டியிருக்கிறது. வயதான வண்டி, மாமா. அதை அப்படி ஓடவிட்டிருக்கக் கூடாது.

இன்று காலை பாலம் ஏறுகிற வளைவில், செருப்பு வார் அறுந்த மாதிரி 'டப்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். குலுங்கவில்லை, புகை வரவில்லை, பேசிக்கொண்டிருந்த ஆள் பாதி வாக்கியத்தில் வாயை மூடிக்கொண்டது போல எஞ்சின் நின்றுவிட்டது. அப்பா சாவியைத் திருப்பினார். வழக்கமாகச் சளி பிடித்தவர் இருமுவது போலத்தானே சத்தம் வரும்? இன்று 'விர்ர்ர்' என்று, தையல் மிஷின் மாதிரி, லேசாகவும் வேகமாகவும் சுற்றியது. அப்பா முகம் மலர்ந்துவிட்டது. 'கேட்டியா, எவ்வளவு சுலபமா சுத்துது. இப்ப பிடிச்சுக்கும் பாரு' என்றார். பிடிக்கவில்லை. இன்னும் ஏழு தடவை சுலபமாகச் சுற்றியது, ஏழு தடவையும் பிடிக்கவில்லை.

பின்னால் ஒரு தண்ணீர் லாரி நின்று ஹாரன் அடித்தது. டிரைவர் இறங்கி வந்து, 'பேட்டரி சார்' என்றார். பேட்டரி நன்றாக இருக்கிறது என்று காட்ட அப்பாவும் ஹாரன் அடித்தார். 'அப்ப ஹாரன் நல்லாருக்கு' என்று டிரைவர் ஒப்புக்கொண்டார். நாயோடு நடந்து வந்த ஒரு பெரியவர் நின்று, 'பெட்ரோல் இருக்கா?' என்றார். அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. 'நேத்து ராத்திரிதான் போட்டேன்.' 'எந்த பங்க்ல?' அப்பா சொன்னார். 'அங்கயா? அப்ப தண்ணி' என்று பெரியவர் தீர்ப்புச் சொல்லிவிட்டு நாயைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். இதற்குள், காரில் கூட வந்த அண்ணன் பானெட்டைத் திறந்துவிட்டான். அவன் படிப்பது கட்டடம் கட்டுகிற இன்ஜினியரிங், அதுவும் முதல் வருடம். இருந்தாலும் இன்ஜினியரிங் இன்ஜினியரிங்தான் என்பது அவன் கட்சி.

'அப்பா, எஞ்சின் ஓட மூணு விஷயம் வேணும். எரிபொருள், காத்து, தீப்பொறி.'

'நாலாவதா வெளிச்சம் வேணும். நீ கொஞ்சம் நகரு.'

அவன் நகரவில்லை. பெட்ரோல் குழாயைப் பிடுங்கிக்கொண்டு சாவியைத் திருப்பச் சொன்னான். பெட்ரோல் அவன் சட்டை முழுக்க அடித்தது. 'எரிபொருள் இருக்கு' என்று கண்ணை மூடிக்கொண்டு அறிவித்தான். குழாயை மாட்டித் துடைத்த பிறகு, தீப்பொறிக்கு ஒரு வயரைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மறுபடி திருப்பச் சொன்னான். ஒன்றும் ஆகவில்லை. 'ஷாக்கே அடிக்கலப்பா' என்றான், கொஞ்சம் ஏமாற்றமாக. 'உங்கிட்ட இல்லாதது வண்டியிலயும் இல்லையா? முதல்ல பஸ்ஸைப் பிடிச்சுக் காலேஜுக்குப் போ. பத்த வெச்சுடுவே போலிருக்கு' என்று அப்பா அவனைத் துரத்தினார். சாயங்காலம் அவன் சொல்லித்தான் தெரியும், அந்தப் பெட்ரோல் வாசனைக்குப் பயந்து கண்டக்டர் அவனைக் கடைசிவரை படியிலேயே நிற்கவைத்தாராம்.

லாரி டிரைவரும் அப்பாவும் சேர்ந்து காரை ஓரமாகத் தள்ளினார்கள். என்னை ஸ்டியரிங் பிடிக்கச் சொன்னார்கள். அப்போதுதான் எங்கள் ஸ்கூல் பஸ் கடந்து போனது. முப்பது பேர் ஜன்னலில் முகத்தை ஒட்டிவைத்துப் பார்த்தார்கள். அது போகட்டும். முன் சீட்டில் நான் தனியாக இருந்தேன், எதிரிலேயே அந்தக் கடிகாரம். காரணம் இன்னும் தெரியாதபோதே, எதற்கும் இருக்கட்டும், நாம் செய்ததை நாமே சரிசெய்துவிடுவோம் என்று குமிழை வேகமாக முன்னால் திருகினேன். பன்னிரண்டு நிமிடம் திருகினேனா, இருபது திருகினேனா, பதற்றத்தில் எண்ணவில்லை. திருகத் திருக வந்தது. பிறகு குமிழே கையோடு வந்துவிட்டது. இப்போது அது என் ஜியோமெட்ரி பாக்ஸில், அழிரப்பருக்கு அடியில் இருக்கிறது.

அதன் பிறகு மெக்கானிக் வந்தார். எங்கள் மெக்கானிக்கின் முகம் எப்படி இருக்கும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எப்போது போனாலும் ஏதாவது ஒரு காருக்கு அடியில் இருந்து இரண்டு கால்கள்தான் பதில் சொல்லும். இன்று நின்றுகொண்டு வேலை செய்தார், ஆனால் பானெட் தூக்கியிருந்ததால் எனக்கு மறுபடியும் கால்தான் தெரிந்தது. குரல் மட்டும் கேட்டது.

'சார், வண்டி ஓடிக்கிட்டே இருந்து நின்னுச்சா, இல்ல நின்னு நின்னு நின்னுச்சா?'

'பட்டுனு நின்னுடுச்சுப்பா.'

'பாப்பா, சாவியைத் திருப்பும்மா.'

திருப்பினேன். விர்ர்ர்.

'இந்தச் சத்தம் சரியில்லையே' என்றார். எண்ணெய் ஊற்றுகிற மூடியைத் திறந்து, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார் போலிருக்கிறது. 'இன்னொரு தடவை திருப்பு.' விர்ர்ர். 'நிறுத்து. உள்ள ஒண்ணும் அசையல சார். டைமிங் போச்சு.'

மாமா, என் கை சாவியிலேயே உறைந்துவிட்டது.

'டைமிங்கா?' என்றார் அப்பா, சின்னக் குரலில்.

'டைமிங்கேதான். இதுக்கு முன்னாடி யாராச்சும் டைமிங்ல கை வெச்சாங்களா?'

அப்பா, 'இல்லையே. யாரும் வெக்கல' என்றார். போலீஸ் முன்னால் நிற்கிறவர் மாதிரி இருந்தது அந்தக் குரல்.

'நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஒரு தடவைகூட?'

'ஒரு தடவைகூட இல்லப்பா.'

ஒரு தடவை இல்லை, மாமா. ஆறு தடவை. காலையில் குமிழ் கழன்றதையும் சேர்த்தால் ஏழு. பானெட் மட்டும் தூக்கியிராவிட்டால் என் முகத்தைப் பார்த்தே அவர்கள் கண்டுபிடித்திருப்பார்கள். மெக்கானிக் ஒரு பெருமூச்சு விட்டார். 'இதெல்லாம் விளையாட்டு இல்ல சார். ஒரு பல்லு முன்ன பின்ன ஆனாலே வண்டி ஓடாது' என்றார். பல் என்றால் எத்தனை நிமிடம் என்று எனக்குத் தெரியவில்லை. எவ்வளவாக இருந்தாலும் பன்னிரண்டு நிமிடத்தைவிடக் குறைவாகத்தான் இருக்கும். 'ஓட்டத்துல போயிருக்கு. உள்ள வால்வு வளைஞ்சிருக்கலாம். தலையைக் கழட்டினாத்தான் தெரியும்' என்றார். அதற்கு அப்பா என்ன கேட்டார் தெரியுமா? 'வீட்டுல யாருக்கும் தெரியாம கழட்ட முடியுமா?'

யார் தலை என்று நான் கேட்கவில்லை. பின் சீட்டுக்குப் போய்ப் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அப்பா மெக்கானிக்கைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார். ரொம்ப நேரம் தணிந்த குரலில் பேசினார்கள். ஒரு கட்டத்தில் அப்பா மெக்கானிக்கின் கையைப் பிடித்துக்கொண்டதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். என் விஷயத்தை வெளியே விடவேண்டாம் என்று எனக்காகக் கெஞ்சுகிறாரோ என்று தோன்றியது. அதை நினைத்தால் அழுகை வருகிறது. என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். வீடு வரும்வரை அவர் என் பக்கமே திரும்பவில்லை.

மெக்கானிக்கின் வேன் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து காரை வாசலில் விட்டது. அம்மா ஈரக் கையோடு வெளியே வந்தாள்.

'என்னாச்சு?'

'டைமிங் போச்சாம்' என்றார் அப்பா. அதோடு நிறுத்தியிருந்தால் தேவலை. அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உடனே, 'எல்லாம் உன் தம்பி தலையில கட்டிட்டுப் போன வண்டி. போகும்போதே அவனுக்குத் தெரிஞ்சிருக்கும்' என்றார்.

'என் தம்பி ஓட்டின வரைக்கும் அது ஒரு நாள் நடுவுல நின்னதில்ல.'

'ஓட்டினாத்தானே நிக்கறதுக்கு. துடைச்சுத் துடைச்சுப் போட்டோ எடுத்துக்கிட்டிருந்தான்.'

'துடைக்கவாவது செஞ்சான்.'

அதிலிருந்து இருவரும் பேசிக்கொள்ளவில்லை. நடுவில் தபால் இலாகா நான்தான். 'உங்கப்பாகிட்ட காபி ஆறுதுன்னு சொல்லு.' 'உங்கம்மாகிட்ட ஆறினா பரவாயில்லன்னு சொல்லு.' 'அப்ப கொட்டிடவான்னு கேளு.' 'குடிச்சுட்டேன்னு சொல்லு.' இரண்டு பேரும் ஒரே அறையில்தான் இருந்தார்கள், மாமா. சாயங்காலம் அப்பா பழைய வண்டி உடைக்கிறவருக்குப் போன் செய்தார். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வந்து எடுத்துக்கொண்டு போகிறாராம். 'உங்க மாமா லீவுல வந்தா, சாவியை ஆணியில மாட்டி வெச்சிருக்கேன், ஞாபகத்துக்கு எடுத்துக்கிட்டுப் போகட்டும்னு சொல்லு' என்றார் அப்பா. 'என் தம்பி இந்த வாசப்படி மிதிக்கமாட்டான்னு சொல்லு. நாளைக்கே வரவேணாம்னு லெட்டர் போட்டுடறேன்' என்றாள் அம்மா. நான் எதைத்தான் யாரிடம் சொல்வது?

ராத்திரி சாப்பிடும்போது அண்ணன், கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னான். 'டைமிங் தானா கெடாதுப்பா. இதுக்குப் பின்னாடி ஒருத்தரோட தப்பு இருக்கும். அந்த ஆளைப் பிடிச்சா விஷயம் முடிஞ்சது.' எனக்குப் புரையேறியது. அதே நேரத்தில் அப்பாவுக்கும் புரையேறியது. அம்மா எங்கள் இருவருக்கும் ஒரே டம்ளர் தண்ணீரை நடுவில் வைத்துவிட்டு, மாறி மாறிப் பார்த்தாள்.

ஆகவே மாமா, தங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது என்னவென்றால், அந்தக் காரைத் தங்களைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை. கடிகாரத்திலிருந்து எஞ்சினுக்கு எந்த வழியாக விஷயம் போகிறது? முள்ளைச் சரியான நேரத்தில் வைத்துவிட்டால் எஞ்சின் தானாகத் தெரிந்துகொள்ளுமா, இல்லை அதற்கென்று தனியாகச் சொல்ல வேண்டுமா? குமிழ் கழன்றுவிட்டதால் கோந்து போட்டு ஒட்டலாமா, கோந்து வால்வுக்குள் இறங்கிவிடுமா? வளைந்த வால்வு நல்ல தூக்கம் கிடைத்தால் நிமிர்ந்துகொள்ளுமா? ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு எங்கள் வீட்டுக்குப் போன் செய்யுங்கள். நான் போனுக்குப் பக்கத்திலேயே கணக்குப் போடுவது போல உட்கார்ந்திருப்பேன். 'ராங் நம்பர்' என்று சொல்லிக்கொண்டே கேட்டுக்கொள்வேன். நான்கு என்றால் சரியான நான்கு. எங்கள் ஹால் கடிகாரத்தின் நான்கு அல்ல.

அம்மாவின் கடிதம் வந்தால் அதை நம்ப வேண்டாம். தாங்கள் வராவிட்டால் அந்தப் பாவமும் என் கணக்கில்தான் சேரும். கார் போனால்கூடத் தாங்கிக்கொள்வேன். தாங்கள் கெட்ட வண்டியைத் தெரிந்தே எங்கள் தலையில் கட்டினீர்கள் என்று அப்பா நினைத்துக்கொண்டிருப்பதைத்தான் தாங்க முடியவில்லை. நாளைக் காலை தைரியம் வந்தால் நானே உண்மையைச் சொல்லிவிடுவேன். வராது என்றுதான் நினைக்கிறேன்.

தங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். வேளாவேளைக்குச் சாப்பிடவும். என் நமஸ்காரங்களை ஏற்றுக்கொண்டு, நான் நல்லபடியாக ஒன்பதாம் வகுப்புவரையாவது உயிரோடு போய்ச் சேர ஆசீர்வதிக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள மருமகள்,
லேட்டம்மா

பின்குறிப்பு: மாமா, மேலே எழுதியது எதையும் படிக்க வேண்டாம். படித்திருந்தால் மறந்துவிடவும்.

கையெழுத்துப் போட்ட பிறகு, முள் எத்தனை மணியில் நிற்கிறது என்று பார்த்து எழுதினால் தங்களுக்கு உதவியாக இருக்குமே, குமிழையும் ஒட்டிவிடலாமே என்று கோந்து பாட்டிலோடு வாசலுக்குப் போனேன். காருக்குள் ஒரு வெளிச்சம் அசைந்தது. திருடன் என்று நினைத்தேன். பனியன் போட்ட திருடன், வாயில் எங்கள் வீட்டு டார்ச். அப்பாதான். டிரைவர் சீட்டில் இருந்து குனிந்து, டாஷ்போர்டுப் பெட்டியில் உள்ள காகிதங்களை எல்லாம் கிளறிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் திடுக்கிட்டு நிமிர்ந்ததில் முழங்கை ஹாரனில் பட்டு ஒரு சத்தம். இருவரும் அசையாமல் இருந்தோம். வீட்டில் விளக்கு எரியவில்லை.

'இங்க என்ன பண்றே?' என்றார், டார்ச்சை வாயிலிருந்து எடுத்துவிட்டு.

நான் அழுதுவிட்டேன். 'நாந்தாம்ப்பா டைமிங்ல கை வெச்சேன்' என்று பன்னிரண்டு நிமிடத்தையும் சொல்லி, கோந்தையும் குமிழையும் அவர் கையில் கொடுத்தேன்.

அப்பா என்னையும் குமிழையும் பார்த்தார். உண்மையைச் சொல்ல வேண்டுமானால், அந்த நேரத்தில் அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அப்படியே விட்டுவிடலாம் என்று நினைத்தாரோ என்னவோ. பிறகு அது போய்விட்டது. பக்கத்து சீட்டைத் தட்டினார். ஏறி உட்கார்ந்தேன். ஒரு காகிதத்தை என் மடியில் வைத்து டார்ச் அடித்தார்.

தங்கள் கையெழுத்து, மாமா. நான்கு வருடத்துக்கு முந்தைய தேதி. 'அத்தானுக்கு' என்று மேலே போட்டு, காருக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். மூன்றாவது வரியின் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு: 'டைமிங் பெல்ட்டை அடுத்த வருடத்துக்குள் கட்டாயம் மாற்றிவிடவும். இல்லாவிட்டால் ஒரு நாள் அறுந்து, வண்டி நடுரோட்டில் நிற்கும். தயவுசெய்து, அத்தான்.'

'பெல்ட்டுடி' என்றார் அப்பா. 'ரப்பர் பெல்ட்டு. எஞ்சினுக்குள்ள மேல இருக்கறதையும் கீழ இருக்கறதையும் சேர்த்துச் சுத்த வைக்கறது. கடிகாரம் இல்ல. நான் மாத்தவே இல்ல.'

'அப்ப மெக்கானிக் கேட்டாரே, யாராச்சும் கை வெச்சாங்களான்னு.'

'நாலு வருஷமா யாரும் கை வெக்கல. அதான் போச்சு.'

அந்தக் காகிதம் அம்மா கையில் கிடைப்பதற்குள் எடுத்துவிட வந்திருக்கிறார், பாவம். மெக்கானிக் கையைப் பிடித்ததும் பெல்ட் விஷயத்தை வெளியே விடவேண்டாம் என்று கெஞ்சத்தானாம். வண்டியையே விற்றுவிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று நினைத்தாராம். சனிக்கிழமை தலையைக் கழற்றிப் பார்க்கட்டும், காரின் தலையைத்தான், இந்த மாடலில் பெரும்பாலும் வால்வு வளையாது என்று மெக்கானிக் சொன்னாராம். உடைக்கிறவரை வரவேண்டாம் என்று சொல்லிவிடுவதாக ஒப்புக்கொண்டார். பிறகு நாங்கள் ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டோம். கடிகாரத்தைப் பற்றி அவர் வாய் திறக்கமாட்டார், பெல்ட்டைப் பற்றி நான் திறக்கமாட்டேன். 'மாமா மேல பழி போட்டீங்களே, அது?' என்று கேட்டேன். 'அதைத்தான் எப்படி இறக்கறதுன்னு யோசிக்கறேன். நீ போய்த் தூங்கு' என்றார்.

ஆகவே இந்தக் கடிதத்தைத் தபாலில் போடுவது ஒப்பந்தத்தை மீறுவதாகும். போடப்போவதில்லை. ஸ்டாம்பு ஒட்டிவிட்டேன், அதனால் கிழிக்க மனசு வரவில்லை. இப்போதைக்கு ஃபிரிட்ஜில் முட்டைத் தட்டுக்கு அடியில் வைத்துவிட்டு, காலையில் எடுத்துக்கொள்கிறேன். அங்கே யாரும் பார்க்கமாட்டார்கள்.

லே.

தம்பி, இது அக்கா எழுதுகிறேன். முட்டை எடுக்கப் போனபோது இது கிடைத்தது. உன் மருமகள் இன்னும் தூங்குகிறாள். கவரில் வைத்து நானே போடுகிறேன்.

உன் அத்தான் காலையில் பல் துலக்கிக்கொண்டே வந்து, பெல்ட்டை மாற்றாதது தன் தப்பு, உன்மேல் ஒன்றும் இல்லை என்று நுரையோடு சொன்னார். 'வாயைக் கொப்புளிச்சிட்டு வந்து சொல்லுங்க, புரியல' என்றேன். கொப்புளித்துவிட்டு வந்து சொன்னார். 'எந்த பெல்ட்டு?' என்றேன். மறுபடி முதலிலிருந்து சொன்னார். மூன்றாவது தடவை கேட்க நினைத்தேன். காபி ஆறிவிடும் என்று விட்டுவிட்டேன்.

நீ லீவுக்குக் கட்டாயம் வா. அவரே ஸ்டேஷனுக்கு வந்து கூட்டிக்கொண்டு வருவார். எதுவும் தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளாதே.

இன்னொன்று, உன்னோடு இருக்கட்டும். போன மாதம் அந்தக் கார் கடிகாரத்தைப் பதினைந்து நிமிடம் கூட்டி வைத்தது நான்தான். வரும்போது அதற்கு ஒரு குமிழ் வாங்கி வா. வண்டி ஓடத் தொடங்கினால் மறுபடி கூட்ட வேண்டியிருக்கும்.